பயத்தை விற்காதே, தம்பி



இறக்குவானையில் உன் கடைக்கு வருகிறவர்களுக்கு நீ கொடுக்கும் நான்கு பக்கக் கையேடு, ஒரு தோட்டத்துக் கிளாக்கரின் பைக்குள் ஏறி எட்டியாந்தோட்டை வரை வந்து இப்போது என் மேசையில் கிடக்கிறது. போலி வைரஸ் கார்டை, அதாவது ஆன்டிவைரஸ் போல நடிக்கும் புரோகிராமை, கழற்றுவது எப்படி என்று எழுதியிருக்கிறாய். சேஃப் மோட், ஸ்டார்ட்அப், ரெஜிஸ்ட்ரி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. தொழில் தெரிந்த இரண்டு பேர் அதைப் பேசி நேரம் போக்க வேண்டியதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது உன் முதல் பக்கத்தைப் பார்த்துத்தான்.

‘உங்கள் கணினி ஆபத்தில்’ என்று சிவப்பில், கொட்டை எழுத்தில், ஆச்சரியக்குறிகளோடு. நடுவில் ஒரு கேடயப் படம். அதற்குக் கீழே ‘உடனே அழையுங்கள்’ என்று உன் நம்பர். இதைத்தானே தம்பி திரையில் வருகிற போலியும் சொல்கிறது? அதே சிவப்பு, அதே கேடயம், அதே அவசரம். அவன் தன் நம்பருக்கு எடுக்கச் சொல்கிறான், நீ உன் நம்பருக்கு எடுக்கச் சொல்கிறாய். கேட்டால், பயம் காட்டாவிட்டால் சனம் கவனிக்காது என்பாய். கவனிக்கும். தோட்டத்து லயத்தில் இருந்து உயர்தரம் படிக்கும் பிள்ளைக்காகக் கடன்பட்டுக் கணினி வாங்கிய தகப்பனுக்கு, அதில் ஒரு சிவப்புப் பெட்டி வந்தாலே அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவருக்கு நீ இன்னும் கொஞ்சம் பயத்தைப் போட்டுக் கொடுக்கிறாய்.

இந்த வியாபாரத்தை உலகளவில் நடத்தியவர்கள் யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். உக்ரைனில், கீவ் நகரத்தில் அலுவலகம் வைத்திருந்த இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங். வின்ஃபிக்ஸர், எரர்சேஃப், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் எல்லாம் அவர்களுடைய சரக்கு. நல்ல நிறுவனங்களின் விளம்பரம் போல இடம் வாங்கி, அதற்குள் போலிப் பரிசோதனையை ஒளித்து வைத்தார்கள். எந்தக் கணினியில் ஓட்டினாலும் அது வைரஸ் இருக்கிறது என்றுதான் சொல்லும். பத்து லட்சம் பேருக்கு மேல் ஏமாந்தார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2008 டிசம்பரில் வழக்குப் போட்டது. 2012இல் அந்தக் கும்பலின் அதிகாரி ஒருவருக்கு எதிராக 16 கோடியே 30 லட்சம் டொலருக்குத் தீர்ப்பு வந்தது.

வெளிநாட்டில் ஏமாந்தவர்கள் ஆளுக்கு 30 முதல் 70 டொலர் வரை கட்டினார்கள். நம் பக்கத்தில்? அந்தக் காலத்தில் லயத்தில் யாரிடம் கிரெடிட் கார்ட் இருந்தது? துரை பங்களாவில் இருந்திருக்கலாம். தெரணியகலையில் இருந்து கீவ்காரனுக்கு ஒரு சதம் போயிருக்காது. ஆனால் பயம் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. பயந்த சனம் கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடியது அவிசாவளைக்கும் இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும், அதாவது ரிப்பேர் கடைகளுக்கு. தூண்டில் போட்டவன் கீவில் இருந்தான், மீன் தின்றவன் இங்கே இருந்தான். இதை நம் தொழிலில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

2009 ஏப்ரல் எனக்கு மறக்காது. கொன்ஃபிக்கர் என்ற புழு பென்டிரைவில் தொற்றிக்கொண்டு கடை கடையாகச் சுற்றிய காலம். அது நுழைகிற ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் முந்திய வருஷம் ஒக்டோபரிலேயே வெளியிட்டுவிட்டது. ஆனால் இங்கே ஓடிய எக்ஸ்பி பெரும்பாலும் கொப்பி சீடியில் அடித்தது. அப்டேட்டை நிறுத்திவிட்டுத்தான் கொடுப்பார்கள். அந்த ஏப்ரலில் புழுவின் புது வடிவம் ஒன்று ‘ஸ்பைவேர் புரொடெக்ட் 2009’ என்ற போலியை இறக்கத் தொடங்கியது. விலை 49.95 டொலர்.

தெரணியகலைப் பக்கத் தோட்டமொன்றில் இருந்து ஓர் ஆசிரியர் சிபியூவை யூரியா பேக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டு வந்தார். தன்னை யாரோ உளவு பார்ப்பதாகத் திரையில் ஆங்கிலத்தில் வருகிறது என்றார். வன்னியில் யுத்தத்தின் கடைசி வாரங்கள் அவை. சப்ரகமுவையில் ஒரு தமிழ் வீட்டுக் கணினியில் அப்படி வந்தால் அந்த வீடு எதை நினைக்கும் என்று உன் அப்பாவிடம் கேள், சொல்வார். இவர் ஹார்ட் டிஸ்க்கை என் முன்னாலேயே உடைத்துத் தரச் சொன்னார். பிள்ளைகளின் படங்கள்கூட வேண்டாமாம். பிளேன்டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். அந்தப் போலி காட்டிய கோப்புகளை ஒவ்வொன்றாக, அது சொன்ன ஃபோல்டருக்குள்ளேயே போய்த் தேடிக் காட்டினேன். ஒன்றுகூட இல்லை. பாதியிலேயே மனுஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது. கழற்றும் வேலையை அதற்குப் பிறகுதான் தொடங்கினேன். அவர் கண்ணுக்கு முன்னாலேயே செய்தேன். போலி டாஸ்க் மனேஜரைத் திறக்க விடவில்லை, சுத்தம் செய்கிற புரோகிராமையும் ஓட விடவில்லை. புரோகிராமின் பெயரை எக்ஸ்ப்ளோரர் என்று மாற்றி ஓட்டினேன், ஏமாந்துவிட்டது. பிறரை ஏமாற்றப் பிறந்த ஒன்றை ஏமாற்றுவதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது, உனக்கும் தெரிந்திருக்கும்.

பெரிய கடைக்காரர்களும் இந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒஃபிஸ் டிப்போ கடைகளில் கணினியை இலவசமாகப் பரிசோதித்துக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் நான்கு கேள்விகள். கணினி மெதுவாக ஓடுகிறதா, விளம்பரங்கள் தானாக வருகின்றனவா, இப்படி. ஒன்றுக்கு ஆம் என்று அடையாளம் போட்டாலே போதும், பரிசோதனையில் என்ன வந்தாலும் தீம்பொருளின் அறிகுறி இருக்கிறது என்று முடிவு வரும். பிறகு பல நூறு டொலருக்கு ‘சுத்தம்’ செய்வார்கள். 2019இல் அந்தக் கடையும், அதற்கு மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.கொம் நிறுவனமும் சேர்ந்து மூன்றரைக் கோடி டொலர் கட்ட வேண்டி வந்தது. வைரஸைக் கழற்றுகிறேன் என்றவனே போலி வைரஸ் கார்டாகிப் போன கதை அது. உன் இரண்டாம் பக்கத்திலும் கிட்டத்தட்ட அப்படி ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. ‘கணினி மெதுவாக ஓடுகிறதா?’ இருபது வருஷம் பழைய இயந்திரம், இரண்டு ஜிபி ரேம், மெதுவாக ஓடாமல் என்ன செய்யும்? அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடு.

அடுத்தது போர்மட். மூன்றாம் பக்கத்தில், ‘இவற்றில் சரிவராவிட்டால் போர்மட் செய்வதே நல்லது’ என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டாய். இந்த ஒரு சொல்லோடு எனக்கு ஆயுள் சண்டை. நம் ஊரில் பிரிண்டர் ஓடாவிட்டாலும் போர்மட், சத்தம் வராவிட்டாலும் போர்மட். ‘சி டிரைவை மட்டும்தான் அடிக்கிறேன், டியில் இருப்பது பத்திரம்’ என்பார்கள். சனம் எதை டியில் வைக்கிறது? எல்லாம் டெஸ்க்டொப்பில், அது இருப்பது சியில். மகளின் பூப்புனித நீராட்டுப் படம், மத்திய கிழக்கில் இருக்கும் அம்மா அனுப்பிய வீடியோ, தாத்தாவின் ஊழியர் சேமலாப நிதிக்காக ஸ்கான் பண்ணி வைத்த பிறப்புச் சான்றிதழ், எல்லாம் ஒரே அடியில் போகும். மிச்சம் இருக்கிற கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் குப்பை தெரியும். அவற்றை அடித்த பாமினி ஃபொண்டை மறுபடி போட்டுக் கொடுக்க யாருக்கும் ஞாபகம் வராது. வீட்டுக்காரர் அதையும் வைரஸ் தின்றுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவார். இப்படி அழிந்த தொழிற்சங்கக் கடிதங்கள், கோயில் கணக்குகள் எத்தனை இருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அந்தக் காலத்துப் போலி வைரஸ் கார்டுகளில் பல ஒரு யூசர் கணக்குக்குள் மட்டும் குடியிருந்தவை. இன்னொரு கணக்கைத் திறந்து உள்ளே போனாலே பாதி வேலை முடிந்துவிடும். அதைக்கூடப் பார்க்காமல் போர்மட் அடித்தார்கள். போர்மட் ஒருநாளும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஃபைல்களைப் பூட்டுகிற ரகம் வந்தால், அல்லது வேறொருவன் வேரோடு உள்ளே இறங்கியிருந்தால், செய்யத்தான் வேண்டும். அப்போதும் முதலில் டிஸ்க்கை வேறொரு பெட்டியில் மாட்டி, எடுக்க வேண்டியதை வீட்டுக்காரரையே காட்டச் சொல்லி எடு. அதற்குக் கூலி வாங்கு, தப்பில்லை.

இனி உன் கடைசிப் பக்கம். தம்பி, அதை வாசித்தபோது முதல் பக்கத்தை எழுதியவன்தான் இதையும் எழுதினானா என்று சந்தேகம் வந்தது. இப்போது வீடுகளில் வருகிற ‘மெக்கஃபி’, ‘நோர்ட்டன்’ எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை வைரஸே இல்லை, ஏதோ ஒரு தளத்தில் ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் என்பதை அழுத்துங்கள்’ என்று கேட்டு வாங்கிய அறிவிப்பு அனுமதிதான் என்று எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாய்! புரோகிராமே இல்லாதபடியால் எந்த ஸ்கானிலும் சிக்காது, குரோமில் தள அமைப்புகளுக்குள் போய், அறிவிப்புகள் என்ற இடத்தில் அந்தத் தளத்தை எடுத்துவிட்டால் முடிந்தது, ஃபோனிலும் அப்படியே. திரை முழுவதையும் பிடித்துக்கொண்டு அலறும் பக்கத்துக்கு எஸ்கேப் விசையை அழுத்திப் பிடி; கணினியை நிறுத்திப் போட்டால் ‘பழைய பக்கங்களைத் திறக்கவா’ என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல். எல்லாம் அச்சொட்டாக இருக்கிறது. அதற்குக் கீழே ‘இதற்கு நாங்கள் பணம் எடுப்பதில்லை’ என்று ஒரு வரி. இத்தனை வருஷத்தில் கேகாலை, இரத்தினபுரி இரண்டு மாவட்டத்திலும் எந்தக் கடையும் இப்படி அச்சடித்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. இந்தப் பக்கத்தைத் தூக்கி முன்னால் போடு, மற்றதெல்லாம் பின்னால் வரட்டும்.

விட்டுப்போனது ஒன்று. முன்பு நம் சனத்திடம் கார்ட் இல்லை, இன்றைக்கு ஆளுக்கொரு டெபிட் கார்டும் ஃபோனில் வங்கி அப்பும் இருக்கிறது. எச்சரிக்கைப் பெட்டியில் வருகிற நம்பருக்கு எடுத்தால் மறுபக்கத்தில் ‘மைக்ரோசொஃப்ட்’ என்று ஒருவன் பேசுவான், தூரத்தில் இருந்தே கணினிக்குள் நுழைய எனிடெஸ்க் போடச் சொல்வான். இந்தியாவில் 2023இல் மத்தியப் புலனாய்வுப் பிரிவு இப்படிப்பட்ட கோல் சென்டர்களைத் தேடிப் பிடித்தது, ஆனாலும் தொழில் ஓய்ந்துவிடவில்லை. ஆகவே கார்ட் நம்பர் கொடுத்துவிட்டேன் என்று ஒருவர் வந்தால் கணினியைத் தொடாதே. முதலில் அவருடைய வங்கிக்கு அழைத்து கார்டை நிறுத்தச் சொல். ரிமோட்டில் உள்ளே விட்டிருந்தால் நெட்டைப் பிடுங்கிவிட்டு, பாஸ்வேர்டுகளை வேறொரு ஃபோனில் இருந்து மாற்ற வை. கணினி அவசர உதவிக் குழுவான இலங்கை சேர்ட்டின் 101 என்ற இலக்கத்தையும் கையேட்டில் போடு. வெட்கத்தில் வீட்டுக்குச் சொல்லாமல் வருகிறவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் ‘ஏன் கொடுத்தீங்க’ என்று மட்டும் கேட்காதே.

சிங்களத்திலும் அச்சடி. கஹவத்தையில் இருந்தும் கொடக்கவெலையில் இருந்தும் உன்னிடம் வருகிற சிங்கள வீடுகளிலும் இதே பெட்டிதான் வருகிறது. மொழிபெயர்க்க என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள், நம்பரை கிளாக்கரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அச்சுச் செலவில் பாதி என் கணக்கு. தமிழில் ஒரு ஐம்பது பிரதியை இரத்தினபுரி வழியாக வரும் பஸ்ஸில் போட்டுவிட்டால் அவிசாவளை ஸ்டாண்டில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வேன்.

அன்புடன்,
எட்டியாந்தோட்டையில் இருந்து அண்ணன்