பொதுப் பணமும் அமானிதமே!
அடுக்குமாடிக் குடியிருப்பின் கணக்கு பற்றி ஒரு மார்க்க விளக்கம்

 

அமானிதம் என்றதும், வெளியூர் செல்லும் அண்டை வீட்டார் நம்மிடம் கொடுத்து வைக்கும் நகையும் பணமுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால், பலர் சேர்ந்து செலுத்தி ஒருவர் கையில் ஒப்படைக்கும் பொதுப் பணமும் அமானிதமே. அதை வைத்திருப்பவர் மீது ஒரு கடமையும், கொடுத்தவர் பக்கம் ஓர் உரிமையும் இருக்கின்றன.

ஏரியும் வயலுமாக இருந்த மேடவாக்கத்தில் இன்று தாம்பரம் – வேளச்சேரிச் சாலையின் இருபுறமும் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. வளைகுடா நாடுகளில் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் இங்கே ஒரு ஃப்ளாட் வாங்கிக் குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் பல. மாதந்தோறும் மெயின்டனன்ஸ் என்று ஒரு தொகை கொடுக்கிறார்கள். அது எங்கே போகிறது என்பது மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. "கட்டடத்தில் நாங்கள் ஒன்றிரண்டு வீடுதான். கணக்குக் கேட்டால் சண்டைக்காரர் என்பார்கள். பொறுமையாக இருந்துவிடுவதுதானே நல்லது?" என்று கேட்பவர்களும் உண்டு. இக்கேள்விக்கு ஷரீஅத்தின் ஒளியில் விடை காண்போம்.

பணம் யாருடையது?

ஃப்ளாட் வாங்கியவர் தம் பத்திரத்தை எடுத்துப் பார்க்கட்டும். வீட்டோடு, நிலத்தில் பிரிபடாத பாகம் இவ்வளவு சதுர அடி என்றும் எழுதியிருக்கும். அந்த நிலமும், படிக்கட்டும், மொட்டை மாடியும், லிஃப்டும், கிணறும் எல்லா உரிமையாளர்களுக்கும் கூட்டுச் சொத்து. இதனை நம் ஃபுகஹாக்கள் 'ஷிர்க்கத்துல் மில்க்' என்பர். கூட்டாளிகள் அனைவரும் சேர்ந்து ஒருவரைச் செயலாளராகவோ பொருளாளராகவோ நியமித்தால் அவர் அவர்களின் வக்கீல், அதாவது பிரதிநிதி. அவர் கையிலுள்ள பணம் அவருடையதன்று.

ஓர் உதாரணம் கூறுவோம். 24 வீடுகள் உள்ள கட்டடத்தில் வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய் என்றால், மாதம் 72,000 ரூபாய். ஆண்டுக்கு 8,64,000 ரூபாய். இதில் உங்கள் வீட்டுப் பங்கு மட்டும் 36,000 ரூபாய். இது உழைத்துச் சேர்த்த ஹலாலான பணம். அது எவ்வாறு செலவாயிற்று என்று தெரிந்துகொள்ள விரும்புவது குறை காண்பதாகாது.

கணக்கு வாங்கிய நபிகள் நாயகம் (ஸல்)

அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் தஆலா திருமறையில் (4:58) கட்டளையிடுகிறான். அநாதைகளின் சொத்தைப் பராமரித்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் (4:6) கூறுகிறான். கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றிய நீண்ட வசனத்தில் (2:282), தொகை சிறியதாயினும் பெரியதாயினும் எழுதிவைக்கச் சலிப்படையக் கூடாது என்கிறான். நம்பிக்கை இருக்கும் இடத்திலும் எழுத்தும் சாட்சியும் வேண்டும் என்பதை இவ்வசனங்கள் உணர்த்துகின்றன.

அஸ்து குலத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவரை ஜக்காத் வசூலிக்க நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்ததும் அவரிடம் கணக்குக் கேட்டார்கள். அவரோ, ஒரு பகுதியைக் காட்டி இது உங்களுடையது என்றும், மற்றொரு பகுதியைக் காட்டி இது எனக்கு வந்த அன்பளிப்பு என்றும் சொன்னார். தம் பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பிறகு மக்கள் முன்னிலையில் எழுந்து நின்று இதனைக் கடுமையாகக் கண்டித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இச்சம்பவம் இடம்பெற்றுள்ளது.

பெயிண்ட் அடிக்கும் கான்ட்ராக்டரிடமும், லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியிடமும், தண்ணீர் லாரிக்காரரிடமும் கமிஷன் வாங்கும் நிர்வாகிகளுக்கு இந்த ஹதீஸில் பெரிய எச்சரிக்கை இருக்கிறது. அந்தப் பதவியில் இல்லாவிட்டால் அந்தக் கமிஷன் அவருக்கு வந்திராது. பொதுப் பணியில் நியமிக்கப்பட்டவர் ஓர் ஊசியை மறைத்தாலும் அது மோசடியே என்னும் கருத்திலும் ஒரு ஹதீஸ் முஸ்லிமில் வந்துள்ளது.

கேட்டால் கோபம் ஏன்?

"என்னை நம்பவில்லையா?" என்று நேர்மையான செயலாளர்களே சில வேளை வருந்துவதுண்டு. அவர்கள் மற்றொரு ஹதீஸைச் சிந்திக்க வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் இஃதிகாஃப் இருந்தபோது அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் இரவில் பார்க்க வந்தார்கள். அவர்களை வழியனுப்ப நாயகம் (ஸல்) அவர்கள் உடன் சென்றபோது அன்ஸாரிகள் இருவர் கடந்து சென்றனர். அவர்களை நிறுத்தி, உடன் இருப்பவர் தம் மனைவி ஸஃபிய்யா என்று தாமாகவே விளக்கினார்கள். பாவமற்ற நபியே பிறர் உள்ளத்தில் ஐயம் நுழைய இடம் வைக்கவில்லை என்றால், நாம் எம்மாத்திரம்? கேட்பதற்கு முன்பே கணக்கைக் காட்டுவது செயலாளரின் கண்ணியத்தைக் குறைக்காது, காக்கும்.

மாதம் பிறந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் போதும். முன் இருப்பு, வசூல், செலவு, கடை இருப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். செலவைத் தனித்தனியே காட்ட வேண்டும்: காவலாளி சம்பளம், பொது மின் கட்டணம், லிஃப்ட், ஜெனரேட்டர் டீசல், கழிவுநீர் லாரி, குடிநீர் லாரி என. குடிநீர் லாரி எத்தனை நடை வந்தது என்பதைக் காவலாளியின் நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால் அக்கணக்கில் தகராறே எழாது. பாக்கித் தொகை மொத்தம் எவ்வளவு என்பதைப் பலகையில் போடலாம். ஆனால் பணம் கட்ட இயலாத விதவையின் பெயரை வாசலில் எழுதி அவமானப்படுத்துவது கூடாது. நெருக்கடியில் உள்ளவருக்கு அவகாசம் கொடுக்கத் திருமறை (2:280) வழிகாட்டுகிறது.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இவ்விஷயத்தில் நாட்டின் சட்டமும் கேட்பவர் பக்கமே நிற்கிறது. குடியிருப்போர் சங்கங்கள் பல 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகின்றன. அப்படிப் பதிவான சங்கம் முறையாகக் கணக்கு வைக்க வேண்டும். நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் வரவு செலவுக் கணக்கையும் ஐந்தொகையையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் விண்ணப்பித்தால், சங்கத்தின் நிதிநிலை குறித்து விசாரணை நடத்தப் பதிவாளருக்கு 36-ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. மேற்சொன்ன கட்டடத்தில் வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்றால், எட்டுப் பேர் கையொப்பமிட்டால் போதும்.

அடுக்குமாடிகளுக்கென 1994-ஆம் ஆண்டு வந்த சட்டத்துக்குப் பதிலாக, 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்துள்ளது. அதற்கான விதிகள் 2024-ஆம் ஆண்டு வெளியாயின. ஆகவே, உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தின்கீழ் பதிவாகியுள்ளது, அதன் துணைவிதிகள் என்ன சொல்கின்றன என்பதை முதலில் படித்துக்கொள்ளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சங்கச் செயலாளருக்கே மனுப் போடலாம் எனச் சிலர் எண்ணுகின்றனர். 2005-ஆம் ஆண்டின் அச்சட்டம் பொது அதிகார அமைப்புகளுக்கே உரியது. கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அரசின் ஆழ்ந்த கட்டுப்பாடோ கணிசமான நிதியுதவியோ இல்லாத கூட்டுறவுச் சங்கம் அதில் அடங்காது என்று தீர்ப்பளித்தது. ஆயினும், பதிவாளர் அலுவலகம் அச்சட்டத்துக்கு உட்பட்டதே. சங்கம் அங்கே தாக்கல் செய்த ஆவணங்களை அந்த அலுவலகத்தில் கேட்கலாம்.

கேட்பவருக்குரிய ஒழுங்குகள்

ஒன்று: முதலில் தம் பாக்கியைக் கட்ட வேண்டும். வசதியுள்ளவர் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போடுவது அநீதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். கணக்குக் காட்டவில்லை என்பதற்காகத் தண்ணீருக்கும் காவலுக்கும் உரிய பணத்தை நிறுத்தினால், பாதிக்கப்படுவது அண்டை வீட்டாரே.

இரண்டு: சந்தேகத்தைக் குற்றச்சாட்டாக்கக் கூடாது. மிகுதியான சந்தேகங்களைத் தவிர்க்குமாறு திருமறை (49:12) எச்சரிக்கிறது. "பில்லைப் பார்க்கலாமா?" என்று கேட்பது உரிமை. "திருடிவிட்டார்" என்று மாடிப்படியில் பேசுவது புறம், பொய்யானால் அவதூறு.

மூன்று: அமீன், அதாவது நம்பிக்கைக்குரிய பொறுப்பாளர், வரம்பு மீறாமலும் கவனக் குறைவில்லாமலும் இருக்கையில் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு கட்ட வேண்டியதில்லை என்பது ஃபிக்ஹின் தீர்ப்பு. மோட்டார் எரிந்து போனதற்கெல்லாம் செயலாளரைத் தண்டிக்கக் கூடாது.

நான்கு: எழுத்தில் கேளுங்கள், பொதுக்குழுவில் கேளுங்கள், பிற வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். அப்போது அது ஒரு வீட்டின் முறையீடாக இராது.

பத்திரம் மனைவியின் பெயரில் இருந்து கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் பல. அங்கே சொத்து அந்தச் சகோதரியுடையதே. கேட்கும் உரிமையும் அவருடையதே. ஹிஜாபைப் பேணியவாறு கூட்டத்தில் கேட்கலாம், கடிதமும் கொடுக்கலாம்.

நமக்கெனத் தனியே ஒரு காரணம்

லிஃப்ட் மாற்றவும் பெரிய பழுதுகளுக்கும் சேர்க்கப்படும் கார்பஸ் தொகையை வங்கி டெபாசிட்டில் போட்டு, வரும் வட்டியைச் செலவில் சேர்ப்பது பல சங்கங்களின் வழக்கம். வட்டி ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. நம் பங்குக்கு எவ்வளவு வட்டி வந்தது என்று தெரிந்தால்தான், அந்த அளவு தொகையை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்து விலகிக்கொள்ள முடியும். கணக்கே தெரியாதவர் எதிலிருந்து விலகுவார்? ஆகவே, இங்கே கேட்பது உரிமையோடு நின்றுவிடவில்லை. நம் மார்க்கத்தைப் பேணும் வழியாகவும் ஆகிறது.

நம் பள்ளிவாசல் கணக்கு?

பிற சமூகத்தாரிடம் கணக்குக் கேட்கும் நாம், நம் மஹல்லாவிலும் இதே அளவுகோலை வைக்க வேண்டும். முத்தவல்லி ஆண்டுதோறும் வக்ஃபு வாரியத்துக்குக் கணக்குக் கொடுக்கச் சட்டம் கட்டளையிடுகிறது. ஜும்ஆ வசூலும், கடை வாடகையும், செலவும் ஜமாஅத்தார் பார்வைக்கு வரட்டும். அப்படிப்பட்ட ஜமாஅத்திலிருந்து வரும் முஸ்லிம் தம் கட்டடத்தில் கணக்குக் கேட்டால் அதற்கு எடை இருக்கும். அவரையே பொருளாளராக இருக்கச் சொன்னாலும் தயங்க வேண்டாம். கேட்காமலே கணக்குக் காட்டும் முதல் பொருளாளராக அவர் இருக்கட்டும்.

ஆகவே, கேள்வி கேட்ட சகோதரருக்கு நம் விடை இதுதான்: உரிமை இருந்தும் அச்சத்தால் வாய்மூடி இருப்பதைப் பொறுமை என்று சொல்ல முடியாது. நளினமாகக் கேட்டு, வரும் விடைக்காகக் காத்திருப்பதே பொறுமை.

அமானிதத்தைப் பேணுவோராகவும், நீதியுடன் நடப்போராகவும் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.