தள்ளி நிற்கச் சொன்னது யாரை?

பட்டுக்கோட்டை

அன்புள்ள தம்பி,

பாசன சங்கத்துக்கு உன்னைச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று கேட்டிருந்தாயே, அதுதான் உறுத்துகிறது. "தலைவர் ஆட்களோடு ரொம்ப ஒட்டவும் கூடாது, விலகவும் கூடாது, தீக்காய்கிற மாதிரி இருக்கணும்னு வள்ளுவரே சொல்லியிருக்காராமே ஐயா?" உனக்கு இதைச் சொன்னவர் ஏதோ மேடையில் கேட்டு மனப்பாடம் செய்தவராக இருக்க வேண்டும். குறளைப் பாதி படிப்பதைவிடப் படிக்காமலே இருக்கலாம்.

அந்தக் குறள் 691. மன்னரைச் சேர்ந்தொழுகல் என்ற 70ஆம் அதிகாரம். அரசனிடம் வேலை பார்க்கிறவருக்குச் சொன்ன எச்சரிக்கை அது. அங்கே நெருப்பு அரசன், குளிர்காய்கிறவர் அமைச்சர். நெருப்பைப் பார்த்து 'நீ தள்ளி நில்' என்று வள்ளுவர் எங்கே சொன்னார்? அரசனுக்கானது 39ஆம் அதிகாரத்திலேயே வந்துவிட்டது. 386இல், பார்க்க வருகிறவர்களுக்கு எளிதில் கிடை, சுடுசொல் பேசாதே என்கிறார். 389இல், காதுக்குக் கசக்கிற பேச்சையும் பொறுத்துக் கேள் என்கிறார். விலகி நிற்கும் கவலை கீழே இருப்பவருக்கு. வழி திறந்து வைக்கும் பொறுப்பு மேலே இருப்பவருக்கு. இதைத் தலைகீழாக்கித்தான் நம் ஆட்கள் பாதிப்பேர் பந்தாவாகத் திரிகிறார்கள்.

386க்குப் பரிமேலழகர் எழுதிய உரையை ஒருமுறை படித்துப் பார். நீதி கேட்டு வருபவர், வறுமையால் இரந்து வருபவர் இருவருக்கும் அரசன் கிடைக்க வேண்டும் என்று அழகாகப் பிரிக்கிறார். பிறகு அரசனைக் கொண்டுபோய்ச் சான்றோர் சூழப் பெரிய சபா மண்டபத்தில் உட்காரவைத்துவிடுகிறார்! எனக்கு அவர்மேல் அளவற்ற மதிப்பு உண்டு. ஆனாலும் அந்த மண்டபத்தின் வாசற்படியை ஒரு பண்ணையாள் தாண்டியிருப்பானா?

தாண்டியிருக்கமாட்டான் என்று தெரிந்தவர் பி. சீனிவாசராவ். கன்னடம் தாய்மொழி, பிராமணக் குடும்பம். 1943இல் விவசாயிகள் சங்கம் கட்டத் தஞ்சை மாவட்டத்துக்கு வந்தார். நான் எந்தக் கட்சிக்கும் சந்தா கட்டியவன் அல்ல. ஆனால் தலைமையைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு வாயில் வருகிற முதல் பெயர் அவருடையதுதான். சேரியில் தங்கினார், அங்கேயே சாப்பிட்டார் என்பதையே எல்லோரும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். சாப்பாடு பெரிதல்ல, தம்பி. குடிசையில் உட்கார்ந்து தின்பதைப் படம் எடுத்துப் போட இன்று ஆளா இல்லை? மிராசுதார் முன்னால் நிமிர்ந்து நிற்கவே கூடாது என்று பழக்கப்பட்டவர்களை இவர் பேச வைத்தார். அதுதான் பெரிது. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாட்டையடியையும் சாணிப்பால் புகட்டுவதையும் நிறுத்த 1944இல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் மிராசுதார்கள் சம்மதிக்க வேண்டி வந்தது. குடித்தவன் வாய் திறக்காமல் சாணிப்பால் பேச்சுவார்த்தைக்கே வந்திருக்காது. அப்படி வாய் திறந்தவர்களிலிருந்தே தலைவர்களும் வந்தார்கள். 1948இல் சிறையிலேயே இறந்துபோன களப்பால் குப்பு அவர்களில் ஒருவர். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ராவ் 1961இல் காலமானார். சங்கம் அவரோடு போகவில்லை. ஊருக்கு ஊர் ஆள் இருந்தது.

 

உன் விஷயத்துக்கு வருகிறேன். கல்லணைக் கால்வாய் 1934இல் வந்ததிலிருந்து நம் பக்கத்துத் தகராறு ஒன்றுதான்: மேலே இருப்பவருக்கு முழங்கால் தண்ணீர், கடைமடைக்கு ஈர மண். மேல்மடைக்காரர் உன்னை வீட்டுக்கே வந்து பார்ப்பார், காபி குடிப்பார், தோளில் கை போடுவார். அதை நெருக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. கடைமடைக்காரர் வரமாட்டார். டீக்கடையில் உன்னைத் திட்டிக்கொண்டிருப்பார். நீதான் அவருடைய வயலுக்குப் போக வேண்டும், தனியாக. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் அவர் பேசமாட்டார், நீயும் கேட்கமாட்டாய். திட்டினால் திட்டட்டும். விளக்கம் சொல்ல வாயெடுக்காதே. நீ முன்கோபி என்பது பத்தாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். 386இன் இரண்டாம் பாதி உனக்கென்றே எழுதியது. அவர் சொன்னதை நோட்டில் குறித்துக்கொள். தண்ணீர் முறை வைக்கும் கூட்டத்தில் அதை முதலில் வாசி, உன் பேச்சுக்கு முன்னால்.

கூட்டத்தை உன் வீட்டுத் திண்ணையில் போடாதே. கடைசி மதகு இருக்கிற ஊரில் போடு. வழக்கம்போல் ஜூன் 12இல் மேட்டூர் திறப்பதாக இருந்தால் அதற்கு முன்பே போட்டுவிடு. தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டால் மேல்மடைக்காரர் யாரும் அவ்வளவு தூரம் வரமாட்டார்.

பரிமேலழகர் உரை வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொண்டு போ. ஓரத்தில் நான் பென்சிலால் சண்டை போட்டிருப்பதை அழித்துவிடாதே.

அன்புடன்,
உன் தமிழய்யா