ஒரு திங்களில் ஏழு காதல் நாவல்கள்

காதல் நாவல் படிப்பதை நம் மாணவரிற் பலர் ஒளித்தே செய்கின்றனர். பாடப் புத்தகத்தின் நடுவே வைத்துப் படிப்போர் உண்டு. பழைய செய்தித்தாளில் அட்டை போட்டுப் பெயரை மறைப்போரும் உண்டு. துப்பறியும் கதையை எவரும் இவ்வாறு மறைப்பதில்லை. கொலை நடந்த வீட்டைப் பற்றிப் படிப்பது கௌரவம், இருவர் மனம் ஒன்றிய கதையைப் படிப்பது வெட்கம் என்று யார் வகுத்தனரோ! "அதெல்லாம் பெண்கள் படிக்கும் புத்தகம்" என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடும் நண்பர்களும் நம் விடுதிகளில் இருக்கின்றனர். அவர்களிடம் ஒரு புத்தகத்தின் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. படிக்காமலே தீர்ப்புச் சொல்வது எளிது அல்லவா?

சென்ற விடுமுறையில் ஏழு ஆங்கில நாவல்களைத் தொடர்ந்து படித்தேன். சில காதல் நாவல்கள்; சில இளையோர்க்கென எழுதப்பட்டவை. ஏழும் ஒரே தரம் அல்ல. ஒரு நாவல் இரவு இரண்டு மணி வரை விளக்கை அணைக்க விடவில்லை. இன்னொன்று மூன்றாம் நாளே தலையணைக்கு அடியில் கிடந்தது. ஒரே நாவலிலேயே பாதி நெஞ்சைத் தொட, மறுபாதி வறண்டு போனதும் உண்டு. இந்த வேறுபாடு எதனால் வருகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கதைச் சுருக்கம் வேண்டுவோர் வேறு இடம் பார்க்க.

துப்பறியும் கதையில் முடிவு தெரியாது. அது தெரிவதற்காகவே பக்கங்களைப் புரட்டுகிறோம். காதல் நாவலிலோ முடிவு அட்டையிலேயே தெரிந்துவிடுகிறது. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் இவ்வகைக்கு இரண்டே இலக்கணம் வகுத்தது: கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அப்படியானால் முன்னூறு பக்கம் நம்மை எது இழுத்துச் செல்கிறது? தடைதான். இருவரும் முதற்பக்கத்திலேயே சேர்ந்துவிட்டால் கதை ஏது? ஆகவே எந்தக் காதல் நாவலை எடுத்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி: இவர்களைப் பிரித்து வைப்பது எது? ஒருவர் மற்றவரிடம் ஒரு வாக்கியம் பேசிவிட்டால் அது கரைந்து போகுமா, போகாதா?

ஜேன் ஆஸ்டினின் "பர்ஸுவேஷன்" என்ற நாவலை இந்தக் கேள்வியோடு படித்துப் பாருங்கள். ஆஸ்டின் 1817ஆம் ஆண்டு ஜூலையில் மறைந்தார்; அவ்வாண்டின் இறுதியில்தான் இந்நூல் வெளிவந்தது. கதைத்தலைவி ஆனி எலியட்டுக்கு வயது 27. அக்காலத்து நாவல்களில் அந்த வயதுப் பெண்ணுக்குக் கதாநாயகி நாற்காலி கிடைப்பது அரிது. அவள் 19 வயதில் பிரெடரிக் வென்ட்வொர்த் என்ற கப்பற்படை வீரனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அவனுக்குப் பணம் இல்லை, குலப்பெருமை இல்லை. தாயில்லாத ஆனிக்குத் தாய்போல் இருந்த லேடி ரஸ்ஸல் வேண்டாம் என்று அறிவுரை சொன்னார். ஆனி வாக்கை முறித்தாள். எட்டு ஆண்டு கழிந்தது. ஆனியின் தந்தை கடனில் மூழ்கித் தம் மாளிகையை வாடகைக்கு விடுகிறார். அதில் குடிவருபவர் ஒரு கடற்படைத் தளபதி. அவர் மனைவியோ வென்ட்வொர்த்தின் தமக்கை. அவனும் வருகிறான், இப்போது செல்வனாக.

இங்கே தடை எங்கே இருக்கிறது? இருவருக்கும் எல்லாம் தெரியும். மறைந்த கடிதம் இல்லை, மாறிய குழந்தை இல்லை, பொய் சொல்லிப் பிரித்த வில்லன் இல்லை. அவனுக்குப் பட்ட காயம் ஆறவில்லை. அவளுக்குப் பேசும் உரிமை தன்னிடம் இல்லை என்ற எண்ணம். ஒரே அறையில் இருந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் தவிர்க்கும் பகுதிகளை ஆஸ்டின் எழுதியிருக்கும் விதம் வியப்பைத் தருகிறது. ஆனியின் கழுத்தைப் பிடித்துத் தொங்கும் குறும்புக் குழந்தையை அவன் பின்னால் வந்து ஒரு சொல்லும் பேசாமல் தூக்கி விலக்குகிறான். அவ்வளவுதான் நடக்கிறது. அந்த ஒரு செயலில் எட்டு ஆண்டும் அடங்கியிருக்கிறது.

லேடி ரஸ்ஸலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்லர். அவர் சொன்ன அறிவுரை தவறாய்ப் போயிற்று. ஆயினும் அதை நான் கேட்டது சரியே என்று ஆனி இறுதியில் வாதிக்கிறாள். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். பெற்றோர் சொல்லுக்கும் சொந்த மனத்துக்கும் நடுவே நிற்கும் பிள்ளைகள் நம் விடுதியில் எத்தனை பேர்! வீட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் ஒரு லேடி ரஸ்ஸல்தான். ஆனி சொல்வது சரிதானா என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. ஆனால் அன்புள்ள ஒருவர் தவறான அறிவுரை கூறலாம் என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய நாவலை நான் அதிகம் கண்டதில்லை.

முடிவை ஆஸ்டின் முதலில் வேறு விதமாக எழுதினார். பிறகு அதை நீக்கிவிட்டுத் திரும்ப எழுதினார். நீக்கிய அத்தியாயங்களின் கையெழுத்துப் படி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. திருத்திய முடிவில்தான், ஆண் மனம் உறுதியானதா, பெண் மனம் உறுதியானதா என்று ஆனி ஒரு நண்பரோடு வாதாடிக்கொண்டிருக்க, அதே அறையில் வென்ட்வொர்த் அதைக் கேட்டவாறே அவளுக்குக் கடிதம் எழுதுகிறான். புத்தகங்களைச் சான்று காட்டாதீர்கள், அவற்றை எழுதியவர்கள் ஆண்கள் என்று ஆனி மறுக்கிறாள். "பெண்கள் படிக்கும் புத்தகம்" என்று சிரிக்கும் நம் நண்பர்கள் இந்த அத்தியாயத்தையாவது படிக்கலாம்.

இதன்பின் ஸாலி தோர்னின் "தி ஹேட்டிங் கேம்" (2016). ஒரு பதிப்பகத்தில் எதிரெதிர் மேசையில் இருக்கும் இரு உதவியாளர்கள் ஒருவரை ஒருவர் வெறுக்கின்றனர். அல்லது வெறுப்பதாக நினைக்கின்றனர். உரையாடல் நன்றாக இருக்கிறது, பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அவனுக்கு அவள்மேல் வெறுப்பில்லை என்பது பத்தாம் பக்கத்திலேயே நமக்குத் தெரிகிறது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. ஒரு பதவி உயர்வுக்கு இருவரும் போட்டியிடுவது மெய்யான தடை. ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரி ஆகிவிட்டால் காதல் என்னாகும் என்ற கேள்வி பெரிய கேள்வி. ஆசிரியை அதைத் தொட்டுவிட்டு எளிதாக நகர்த்தி வைத்துவிடுகிறார். ரயில் பயணத்துக்கு ஏற்ற புத்தகம்.

இளையோர் நாவல்களுக்கு வருவோம். இந்த வகை நன்கு வேரூன்றியதற்கு 1967இல் வெளிவந்த "தி அவுட்ஸைடர்ஸ்" ஒரு பெருங்காரணம். அதை எழுதிய எஸ். இ. ஹின்டனுக்கு அப்போது 18 வயதுதான்; பெண் எழுதியது என்று மதிப்புரையாளர் ஒதுக்கிவிடக் கூடாதென்று பதிப்பகத்தார் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டனர். (மறைப்பது நம் விடுதிகளில் மட்டும் நடப்பதில்லை!) இளையோர் நாவலில் கதை சொல்பவர் பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையே. பின்னால் வளர்ந்து நின்று திரும்பிப் பார்க்கும் அறிவு அந்தக் குரலுக்குக் கிடையாது. நடப்பது நடக்கும்போதே சொல்லப்படுகிறது. பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

ஜென்னி ஹானின் "டு ஆல் த பாய்ஸ் ஐ'வ் லவ்ட் பிஃபோர்" (2014) இனிய நூல். லாரா ஜீன் என்ற பெண் தன் மனத்தைக் கவர்ந்த பையன்களுக்கு எழுதி, அனுப்பாமல் பெட்டியில் வைத்திருந்த கடிதங்கள் எப்படியோ அஞ்சலில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பள்ளிக்கூடத்தில் நடக்கும் பொய்க்காதல் நாடகம் எனக்குச் சலிப்பூட்டியது. ஆனால் தாயை இழந்த மூன்று சகோதரியர் வீட்டை நடத்தும் அழகு, அக்காள் படிக்கப் போனபின் நடுத்தங்கை அவள் இடத்தை நிரப்பத் திணறுவது, இவை அனைத்தும் உயிருள்ளவை. காதலுக்காக எழுதிய நாவல் அடுப்பங்கரையில் வென்றது என்பேன். ஜான் கிரீனின் "தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்" (2012) நூலில் புற்றுநோய் கண்ட இரு பிள்ளைகள் காதலிக்கின்றனர். அவர்கள் பேசுவது பதினாறு வயதுப் பேச்சாக இல்லை, மேடைப் பேச்சாளர் இருவர் போட்டியிடுவதுபோல் இருக்கிறது. ஆயினும் மகள் போய்விட்டால் தான் தாய் என்ற நிலையே போய்விடும் என்று தாய் அழுததை மகள் கேட்டுவிடும் இடம் ஒன்று வருகிறது. அதைப் படித்தபின் குறை சொல்ல நா எழவில்லை.

"ட்வைலைட்" (2005) பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும். ஸ்டெஃபெனி மேயர் எழுதிய இந்நூலும் தொடர்ச்சிகளும் கோடிக்கணக்கில் விற்றன. சிரித்துத் தள்ளுவது எளிது; ஆனால் அதன் முதற்பகுதி நன்றாகவே இருக்கிறது. வெயில் ஊரிலிருந்து மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு வந்து சேரும் பெல்லாவின் தனிமை, புதுப் பள்ளியில் முதல் நாள், அதிகம் பேசத் தெரியாத தந்தை: வெளியூருக்குப் படிக்க வந்த எவருக்கும் இது புரியும். தடையும் பெரிது. அவளைக் காதலிக்கும் எட்வர்டு இரத்தம் குடிக்கும் இனத்தவன். அவள் அருகில் வந்தாலே அவள் உயிருக்கு ஆபத்து. இதைவிடப் பெரிய தடை எவரால் கற்பிக்க முடியும்?

குறை எங்கே என்றால், அந்தத் தடையே அவனுக்கு உரிமைச் சீட்டாக மாறிவிடுகிறது. இரவில் அவள் அறியாமல் அவள் அறைக்குள் வந்து அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் இது தெரியவரும்போது அவள் அஞ்சவில்லை, மகிழ்கிறாள். அவள் எங்கே போகலாம், எது அவளுக்கு நல்லது என்பதை அவனே முடிவு செய்கிறான்; எல்லாம் அவள் பாதுகாப்புக்காக! நம் மகளிர் விடுதியின் சன்னல் வழியே ஒருவன் அப்படி நுழைந்தால் காதலன் என்போமா, காவலாளியை அழைப்போமா? இரத்தக் காட்டேரியைப் பார்த்து எவரும் கெட்டுப்போவதில்லை. ஆனால் கண்காணிப்புக்கு அன்பு என்று பெயர் வைத்துக் கொடுத்தால், முதன்முதலாக அன்பைப் பற்றிப் படிக்கும் பெண் அதை அப்படியே வாங்கிக்கொள்ளக்கூடும். படிக்கும் பையனும் அப்படியே. ஒரு பெண்ணின் ஆசையை அவள் கண்ணிலிருந்தே எழுதியதால்தான் இந்நூல் அத்தனை பேரைக் கவர்ந்தது. அதற்குரிய பெருமையை மறுக்கவில்லை. தடை செய்ய வேண்டியதுமில்லை. கேள்வி கேட்டுக்கொண்டே படித்தால் போதும்.

இதற்கு நேர்மாறானது நிக்கோலா யூனின் "தி ஸன் இஸ் ஆல்ஸோ எ ஸ்டார்" (2016). கதை பெரும்பாலும் ஒரே நாளில், நியூயார்க் நகரில் நடக்கிறது. நடாஷா எட்டு வயதில் ஜமைக்காவிலிருந்து வந்தவள். குடியேற்ற ஆவணம் இல்லாத அவள் குடும்பத்தை அன்றிரவே நாடுகடத்தப் போகிறார்கள். டேனியல் கொரியப் பெற்றோரின் மகன், மருத்துவனாக வேண்டும் என்ற அவர்கள் ஆசைக்காகக் கல்லூரி நேர்காணலுக்குப் போய்க்கொண்டிருப்பவன், உள்ளத்தில் கவிஞன். அவளோ விஞ்ஞானத்தைத் தவிர வேறொன்றையும் நம்பாதவள். தற்செயல்கள் கொஞ்சம் மிகுதி. காலையில் சந்தித்து மாலைக்குள் உயிர்க்காதல் என்பதும் என் போன்ற சந்தேகப் பிராணிக்குத் தொண்டையில் சிக்குகிறது. ஆனால் இங்கே தடை ஓர் அரசாங்கம். எத்தனை வாக்கியம் பேசினாலும் அது கரையாது. இடையிடையே வழியில் எதிர்ப்படும் சிறு பாத்திரங்களுக்கும் ஓரிரு பக்க அத்தியாயம் தருகிறார் ஆசிரியை. பாதுகாப்புச் சோதனை செய்யும் பெண் ஊழியர் ஒருவருக்குக்கூட ஒரு வாழ்க்கை இருக்கிறது. கறுப்பினப் பெண்களுக்கான கூந்தல் பொருள் கடைகளைக் கொரியர்கள் நடத்த நேர்ந்த வரலாறும் வருகிறது. டேனியலின் தந்தை வைத்திருப்பது அத்தகைய கடையே. இரு குடும்பங்களும் ஒன்றையொன்று எப்படிப் பார்க்கின்றன என்பது அந்த ஒரு கடையில் தெரிந்துவிடுகிறது. முடிவைச் சொல்லமாட்டேன்.

கடைசியாகப் படித்தது டோடி ஸ்மித்தின் "ஐ கேப்சர் த காசில்" (1948). நாய்க்குட்டிகளின் கதையால் பின்னர் பெரும்புகழ் பெற்ற அதே ஆசிரியைதான். அமெரிக்காவில் வாழ்ந்த காலத்தில் தம் இங்கிலாந்தை எண்ணி ஏங்கி இதை எழுதினார். அந்த ஏக்கம் பக்கத்துக்குப் பக்கம் மழையாகவும் புல்லாகவும் வருகிறது. இடிந்த கோட்டை ஒன்றில் வறுமையில் வாழும் குடும்பம். தந்தை ஒரே ஒரு பெரிய நூல் எழுதிப் புகழ்பெற்று, பின் எழுத்து நின்றுபோனவர். 17 வயது கஸாண்ட்ரா நாட்குறிப்பு எழுதுகிறாள்: முதலில் ஆறு பென்னி நோட்டில், பின் ஒரு ஷில்லிங் நோட்டில், முடிவில் இரண்டு கினி நோட்டில். குடும்ப நிலை உயர்வதை நோட்டின் விலையே சொல்லிவிடுகிறது! தந்தையை எழுத வைக்க அவளும் தம்பியும் சேர்ந்து அவரைக் கோபுரத்தில் பூட்டிவைக்கும் பகுதியைப் படித்து, அறைத்தோழன் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தேன்.

அவள் காதலிப்பவன் அவள் அக்காளுக்கு நிச்சயிக்கப்பட்டவன். இதை வேறொருவர் எழுதியிருந்தால் அக்காளைக் கொடியவளாக்கியிருப்பார். ஸ்மித் அப்படிச் செய்யவில்லை. கஸாண்ட்ரா தன் மனத்தைத் தானே வேவு பார்க்கிறாள். பொறாமையையும் எழுதிவிடுகிறாள், அதைக் கண்டு வெட்கப்படுவதையும் எழுதிவிடுகிறாள். அக்காளின் நிச்சயம் முறிந்த பின்னும், அவன் இரக்கத்தால் தன்னிடம் வருவதை அவள் விரும்பவில்லை. கல்யாணம் இல்லாமல் கதை முடிகிறது. அமெரிக்கச் சங்கத்தின் இலக்கணப்படி இது காதல் நாவலே ஆகாது. ஏழிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

முதலாண்டு மாணவர்க்கு ஒரு குறிப்பு. "பர்ஸுவேஷன்" தொடக்கத்தில் ஆனியின் தந்தையுடைய வம்சப் பெருமையில் சிறிது நேரம் நிற்கும், ஆங்கிலமும் பழையது. வென்ட்வொர்த் வரும் வரையில் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் கஸாண்ட்ராவின் நாட்குறிப்பைப் படித்துவிட்டால் ஆங்கிலம் கைக்குப் பழகிவிடும். அட்டை போட வேண்டாம்.