எறும்புச் சாரையைத் தடுப்பது எப்படி?

இரவில் சரியாக மூடாமல் விட்ட சர்க்கரை டப்பாவைக் காலையில் திறந்தால் என்ன காண்கிறோம்? டப்பாவுக்குள் நூற்றுக்கணக்கான எறும்புகள்! சுவரின் விரிசலிலிருந்து டப்பா வரை கோடு கிழித்தாற்போல் ஒரு சாரை.

முன்பெல்லாம் பல வீடுகளில் உடனே பி.எச்.சி. என்னும் பூச்சிமருந்துப் பொடியைத் தூவுவார்கள். மண்ணிலும் உடற்கொழுப்பிலும் நெடுநாள் தங்கிவிடும் அந்த நஞ்சு 1997-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இப்போது எறும்புச் சாக்குக்கட்டி விற்கப்படுகிறது. பார்ப்பதற்குப் பள்ளிச் சாக்குக்கட்டியைப் போலவே இருக்கும். ஆனால் அதில் பூச்சிக்கொல்லி கலந்துள்ளது. தவழும் குழந்தை அதை எடுத்து வாயில் வைத்தால் என்ன ஆகும்? ஆகவே, எறும்பின் வாழ்க்கை முறையை அறிந்து, செலவின்றி அதைத் தடுக்க முடியுமா என்று ஆராய்வோம்.

மணத்தால் போட்ட பாதை

உணவைக் கண்ட எறும்பு புற்றுக்குத் திரும்பும்போது, வயிற்றின் நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு ஒரு வேதிப்பொருளைத் தடவிச் செல்கிறது. ஃபெரோமோன் எனப்படும் இப்பொருளின் மணத்தை உணர்கொம்புகளால் அறிந்து மற்ற எறும்புகள் வருகின்றன. உணவு பெற்றுத் திரும்பும் ஒவ்வோர் எறும்பும் மேலும் கொஞ்சம் தடவுவதால் பாதை வலுவடைகிறது. உணவு தீர்ந்துவிட்டால் தடவுவோர் இல்லை. மணம் ஆவியாகிப் பாதையும் மறைந்துவிடும்.

எனவே கண்ணில் படும் எறும்புகளை மட்டும் பெருக்கித் தள்ளினால் போதாது. பாதை அப்படியே இருக்கும். சற்று நேரத்தில் புதிய எறும்புகள் வந்துவிடும். சோப்பு நீரில் நனைத்த துணியால், சுவர் விரிசல் முதல் டப்பா வரை பாதை முழுவதையும் அழுத்தித் துடைக்க வேண்டும். எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்களை வெறும் நீரைவிடச் சோப்பு நீர் நன்றாக அகற்றும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

1965-இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், பிரின்ஸ்டனில் மாணவராக இருந்தபோது தம் அறையில் இதே தொல்லையைச் சந்தித்தார். ஓர் எறும்பைக்கூடக் கொல்லாமல் அவற்றை வெளியேற்ற விரும்பினார். எறும்புகள் நுழையும் இடத்தின் அருகே சிறிது சர்க்கரையை வைத்தார். தம் உணவை நோக்கி வரும் எறும்பையும், அதிலிருந்து திரும்பும் எறும்பையும் சிறு காகிதத் துண்டில் ஏற்றி அந்தச் சர்க்கரையில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து புற்றுக்குப் புதிய பாதை உருவாயிற்று. புதுப்பிப்பார் இல்லாத பழைய பாதை மங்கியது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அவருடைய உணவு அலமாரியில் எறும்பே இல்லை!

தண்ணீர் அகழி

உணவு அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது நம் வீடுகளின் பழைய வழக்கம். ஆனால் சில நாள்களில் எறும்புகள் அந்த நீரைக் கடந்துவிடுவதும் உண்டு. எப்படி? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் எறும்பின் நிறை 2 மில்லிகிராம் எனக் கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 0.00002 நியூட்டன். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். எடையை இதனால் வகுத்தால் 0.00028 மீட்டர், அதாவது 0.28 மில்லிமீட்டர் கிடைக்கிறது. ஆறு கால்களும் சேர்ந்து நீர்ப்பரப்பை இவ்வளவு நீளத்துக்குத் தொட்டாலே போதும், எறும்பு மூழ்காது. அதன் உடல்மீதுள்ள மெழுகுப் படலமும் நீரை ஒட்டவிடாது. தூசியும் படிந்துவிட்டால் பாலமே கிடைத்த மாதிரி.

நீரில் சில துளி சோப்புக் கரைசலைச் சேருங்கள். பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழே குறைகிறது. அது மட்டுமே எறும்பை மூழ்கடிக்கப் போதாது. தேவையான நீளம் இரு மடங்கிற்குச் சற்று மேல் ஆகும், அவ்வளவுதான். சோப்பு நீர் மெழுகுப் படலத்தையும் நனைப்பதே முக்கியமான காரணம். நனைந்த காலை நீர்ப்பரப்பு மேல்நோக்கித் தாங்காது. எறும்பு உள்ளே இழுக்கப்படுகிறது.

அலமாரி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் அகழியால் பயனில்லை. கிண்ணத்து நீரை வாரம் இருமுறை கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, புதிய நீர் ஊற்ற வேண்டும். எறும்பைத் தடுக்கப் போய் டெங்குக் கொசுவை வளர்த்துவிடக் கூடாதல்லவா?

பொடியும் இரையும்

சாதாரணச் சாக்குக்கட்டிக் கோட்டின் முன் எறும்பு ஏன் தயங்குகிறது? செங்குத்தான சுவரில் எறும்பைத் தாங்குவன அதன் பாதங்களிலுள்ள ஒட்டும் திண்டுகள். நுண்ணிய தூள் அவற்றில் படிந்தால் பிடிப்பு போய்விடும். ஆகவே சுவரில் டால்கம் பவுடர் பூசினால் எறும்பு வழுக்கி விழும். சமதரையில் இத்தடை நெடுநேரம் நிற்காது. எறும்பு சுற்றிக்கொண்டு போய்விடும். பொடிதானே என்று அரிசிமாவைத் தூவினால் எறும்புக்கு விருந்துதான்!

எறும்புகள் ஓயாமல் வந்தால் புற்றையே ஒழிக்கும் வழி ஒன்று உண்டு. 100 மில்லிலிட்டர் நீரில் 10 கிராம் சர்க்கரையும் 1 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பஞ்சில் நனைத்துப் பாதையருகே வைப்பது. எறும்புகள் வாய்க்கு வாய் உணவு ஊட்டுபவை. எனவே இந்த இரை ராணி எறும்பு வரை சென்று சேரும். அளவைக் கூட்டினால் விரைவில் பலிக்கும் என்று எண்ணாதீர்கள். இரை எடுத்த எறும்பு புற்றை அடையுமுன்னே இறந்துவிடும். போரிக் அமிலம் தாதுப்பொருளிலிருந்து கிடைப்பதுதான். ஆயினும் அது நஞ்சே. இயற்கைப் பொருள் எல்லாம் தீங்கற்றது என்பது தவறான எண்ணம். இதைப் பெரியவர்களே, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியவை எளியவை: சிந்திய உணவைத் துடைத்தல், இரவில் கழுவுதொட்டியை ஈரமின்றி வைத்தல், இறுக்கமான மூடிகள், சுவர் விரிசலைச் சிமெண்டால் அடைத்தல். தோட்டத்து எறும்புகளை விட்டுவிடுங்கள். அவை கரையான்களையும் வேறு பல பூச்சிகளையும் தின்று நமக்கு உதவுகின்றன.

செய்து பாருங்கள்

கடிக்காத பிள்ளையார் எறும்புச் சாரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சாண் நீளத்தை உலர்ந்த துணியாலும், இன்னொரு நாள் வெறும் நீராலும், மற்றொரு நாள் சோப்பு நீராலும் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் சாரை மீண்டும் இணைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து அட்டவணை இடுங்கள். பின்பு மஞ்சள்தூள், எலுமிச்சைச்சாறு, உப்பு ஆகியவற்றையும் இவ்வாறே சோதியுங்கள். பிறர் சொல்லக் கேட்டதில் எது உண்மை என்பதை எறும்பே உங்களுக்குச் சொல்லிவிடும்.