வெறும் சிப்ஸ்தானே!

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. போனில் ‘தீன் பத்தி’ ஆடுகிறான். காசு கட்டவில்லை, வெறும் சிப்ஸ்தான் என்கிறான். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசு 2025-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆனால் தீன் பத்தி என்ற இந்த மூணு சீட்டு, ‘சிப்ஸ்’ எனும் இலவசப் பந்தய வில்லைகளின் வேஷத்தில் பிள்ளைகள் கைக்கு வருகிறது. ஒருநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சிப்ஸ் தீர்ந்ததும் ‘இத்தனை ரூபாய்க்கு இத்தனை கோடி சிப்ஸ்’ என்று கடை விரிகிறதா? தோற்றதும் பந்தயத்தை ஏற்றி, விட்டதைப் பிடிக்கத் துடிக்கிறானா? அப்படியென்றால் அது சூதாட்டப் பழக்கம்தான், காசு மட்டும்தான் இன்னும் வரவில்லை.

சீட்டைக் கண்டாலே பயப்பட வேண்டியதில்லை. ‘பலாட்ரோ’ என்ற வீடியோ கேமில் போக்கர் சீட்டு உண்டு, பந்தயம் கிடையாது. ஐரோப்பாவின் பெகி அமைப்பு ஒரு கட்டத்தில் அதற்கு 18 வயது என்று முத்திரை குத்தியது. மேல்முறையீட்டுக்குப் பின் 2025-ல் 12 ஆகக் குறைத்தது. வீட்டில் காசில்லாமல் கழுதை, ரம்மி தாராளமாக ஆடுங்கள்.

தீன் பத்தியை மட்டும் காரணம் சொல்லி எடுத்துவிடுங்கள். போனில் உங்கள் கார்டு விவரம் பதிந்திருந்தால் அதையும் இன்றே நீக்குங்கள்.