விதைநெல்லைக் குத்தலாகாது

குடும்பப் பாடம்: காலத்துக்கு முன்னரே ஓய்வு பெற்றவர்களின் வரவு செலவு

ஐம்பத்தெட்டு, அறுபது வயது வரை உத்தியோகம் பார்த்து, மாலை மரியாதையோடு வீடு திரும்புவதே முன்பெல்லாம் வழக்கம். இப்பொழுதோ ஐம்பது வயதைத் தாண்டியதும் வேலையை விட்டு விலகுகிறவர்கள் பலர். சிலர் தாமாக விரும்பி விலகுகிறார்கள். சிலரை விருப்ப ஓய்வு என்ற பெயரால் ஆலையோ அலுவலகமோ அனுப்பிவிடுகிறது. 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். தொலைபேசி நிறுவனத்தில் மட்டும் சுமார் 78,000 பேர், ஐம்பது வயதைத் தொட்டவர்களும் கடந்தவர்களும், ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள்.

இத்தகைய குடும்பம் குறைந்த வரும்படியிலும் மானத்தோடும் மகிழ்ச்சியோடும் வாழ முடியுமா? முடியும். ஆனால் அதற்குக் கணக்கு வேண்டும். கணவனும் மனைவியும் ஒருமனப்பட வேண்டும். இந்த இரண்டையும் இன்று ஆராய்வோம்.

1. கையில் வந்த தொகை வருமானம் அன்று

ஓய்வு பெறும் நாளில் சேமநல நிதியும் பணிக்கொடையும் சேர்ந்து ஒரு பெருந்தொகை வருகிறது. முப்பது ஆண்டு சம்பளத்தில் ஒருநாளும் கண்டிராத தொகை அது. வீட்டுக்கு மாடி கட்டலாம், கார் வாங்கலாம், மகளின் திருமணத்தை ஊர் மெச்ச நடத்தலாம் என்ற எண்ணங்கள் அப்பொழுதுதான் எழும்.

உழவன் அறுவடையான நெல்லில் ஒரு பங்கை விதைக்கென்று ஒதுக்கிவைப்பான். வீட்டில் அரிசி குறைந்தாலும் அந்தக் குதிரில் கைவைக்க மாட்டான். ஓய்வூதியப் பணமும் அப்படிப்பட்ட விதைநெல்லே. குத்தித் தின்றால் இந்த மாதம் வயிறு நிறையும். அடுத்த பருவத்தில் வயல் தரிசாய்க் கிடக்கும்.

ஆகையால், பணம் வந்த முதல் ஆறு மாதத்துக்குப் பெரிய செலவு எதுவும் செய்வதில்லை என்று கணவனும் மனைவியும் தீர்மானித்துக்கொள்வது நல்லது. கடன் இருந்தால் அதை அடைப்பது மட்டும் இதற்கு விலக்கு.

2. வட்டிக்குள் செலவு செய்தால் போதுமா?

“முதலைத் தொடமாட்டோம், வட்டியில் சாப்பிடுவோம்” என்று சொல்லுகிறவர்கள் புத்திசாலிகள். ஆனால் அவர்களும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒருவருக்கு வயது 52, அவர் மனைவிக்கு 48. சொந்த வீடு உண்டு, கடன் இல்லை. கையில் 30 லட்சம். நூற்றுக்கு 7 வட்டி என்றால் மாதம் 17,500 ரூபாய் வரும். வீட்டுச் செலவு 15,000. மாதந்தோறும் 2,500 மிஞ்சி முதலோடு சேருகிறது. கவலை இல்லை என்றுதான் தோன்றும்.

ஆனால் விலைவாசி நின்ற இடத்தில் நிற்பதில்லை. அது ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். 72-ஐ அந்த 6-ஆல் வகுத்தால் 12. அதாவது 12 ஆண்டில் விலைகள் இரட்டிக்கும். இன்று 15,000-க்கு நடக்கும் குடும்பத்துக்கு அவருடைய 64-ஆம் வயதில் 30,000 வேண்டும். வட்டியோ அந்த வேகத்தில் வளராது. சில ஆண்டுகளிலேயே செலவு வட்டியைத் தாண்டிவிடும். அதன்பின் முதல் கரையத் தொடங்கும். கணக்கிட்டுப் பார்த்தால், அவருக்கு 71 வயது நிறையுமுன் 30 லட்சமும் தீர்ந்துபோகும். மனைவிக்கு அப்பொழுது 67 வயதுகூட நிறைந்திராது.

வீண்செலவு செய்யாத குடும்பத்துக்கே இந்த நிலை என்பதை மறக்கலாகாது.

3. அறுபது வரை ஒரு சிறு தொழில்

இதற்குப் பரிகாரம் உண்டு. ஐம்பத்திரண்டு வயது தளர்ந்த வயதன்று. வீட்டுச் செலவுக்கு மட்டும் போதுமான ஒரு சிறு சம்பாத்தியத்தை அறுபது வயது வரை அவர் தேடிக்கொண்டால் என்ன ஆகும்? எட்டு ஆண்டும் வட்டி முதலோடு சேர்ந்து, 30 லட்சம் 51 லட்சத்துக்கு மேல் ஆகும். அறுபதில் வீட்டுச் செலவு மாதம் ஏறக்குறைய 24,000 ஆகியிருக்கும். அப்படியிருந்தும் அந்தப் பணம் ஏறத்தாழ அவருடைய எண்பதாம் வயது வரை தாங்கும். எட்டு ஆண்டு உழைப்பு பத்து ஆண்டு சோறாகிறது.

கடைக்குக் கணக்கு எழுதுவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவது, தெரிந்த கைத்தொழிலைச் செய்வது, மனைவியோடு சேர்ந்து மாவு அரைத்து விற்பது, எதுவானாலும் இழிவில்லை. “நேற்று அதிகாரியாய் இருந்தவர் இன்று மாவு விற்கிறாரே” என்று பேசுகிறவர்கள் நம் வீட்டு உலையில் அரிசி போடப்போவதில்லை.

4. பணத்தை எங்கே வைப்பது?

வங்கி ஒன்று நொடித்தால், ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. இது 2020 முதல் உள்ள விதி. எல்லாவற்றையும் ஒரே வங்கியில் போடாமல் பிரித்து வையுங்கள். அஞ்சலகத்தின் மாத வருமானத் திட்டத்தில் தனியாக 9 லட்சமும் கூட்டாக 15 லட்சமும் போடலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயதானவர்களுக்குரியது. ஆயினும் 55 வயதுக்குப் பின் ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பணம் வந்த மூன்று மாதத்துக்குள் அதில் சேரலாம். இந்தக் கெடுவைத் தவறவிட்டால் அறுபது வரை காத்திருக்கவேண்டும்.

தனியார் நிறுவனத்தில் 10 ஆண்டு சேமநல நிதி கட்டியவர்க்கு ஓய்வூதியம் 58 வயதில் வரும். 50 முதலே கேட்டும் வாங்கலாம். ஆனால் முந்தி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் நூற்றுக்கு 4 வீதம் குறைப்பார்கள், அந்தக் குறைவு ஆயுள் முழுவதும் நீடிக்கும். அவசரப்படாதீர்கள்.

மாதம் நூற்றுக்கு மூன்று, ஐந்து வட்டி தருகிறோம் என்று வருகிறவர்களிடம் மட்டும் போகவே வேண்டாம். முதலீட்டாளர்களின் பாதுகாப்புக்கென்று 1997-ல் தமிழக அரசு ஒரு தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அழுதவர்கள் அத்தனை பேர்.

5. வீட்டுச் செலவு

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. உடலுக்கும் படிப்புக்கும் வேண்டியதைக் குறைப்பது உலோபம். பிறர் பார்வைக்காகச் செய்வதைக் குறைப்பதே சிக்கனம். மத்தி மீனும் முருங்கைக்கீரையும் கடலைப்பருப்பும் விலை குறைந்தவை. சத்தில் குறைந்தவை அல்ல. ரேஷன் கடையில் அரிசி அட்டைக்குக் கிடைக்கும் இலவச அரிசியை வாங்குவதில் வெட்கம் எதற்கு?

நோய்தான் சேமிப்பை ஒரே வாரத்தில் விழுங்கும். அலுவலகக் காப்பீடு முடியுமுன் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். 70 வயதானவர்களுக்கு 2024 முதல் மத்திய அரசின் ஆண்டுக்கு 5 லட்சம் வரையிலான காப்பீடு உண்டு. அதற்கு வருமான வரம்பு இல்லை. இரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மாத்திரைகளை 2021 முதல் அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தார் வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார்கள்.

6. கடன் கேட்கும் உறவினர்

பணம் வந்த செய்தி பரவியதும் மைத்துனரும் பங்காளியும் வருவார்கள். எல்லாரும் பொய்யர்கள் அல்லர். உண்மையிலேயே இக்கட்டில் இருப்பவர்களும் உண்டு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். திரும்பி வராவிட்டாலும் வருந்தமாட்டோம் என்ற அளவுக்கு, இனாமாகவே கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் கேட்டால், “வீட்டில் இருவரும் பேசி முடிவு செய்கிறோம்” என்று சொல்லுங்கள். ஜாமீன் கையெழுத்து மட்டும் யாருக்கும் வேண்டாம், கையெழுத்திட்டவன் கடன்பட்டவனே.

7. மனைவிக்குத் தெரியட்டும்

பல வீடுகளில் பணம் எங்கே இருக்கிறது என்பது கணவர் ஒருவருக்கே தெரியும். அவர் திடீரென்று கண்மூடினால், அழுகிற பெண் அலமாரி அலமாரியாய்த் தேடவேண்டியிருக்கிறது. கணக்குப் புத்தகங்கள், காப்பீட்டுப் பத்திரங்கள், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். வங்கிக் கணக்குகளிலும் காப்பீட்டுப் பத்திரங்களிலும் வாரிசு நியமனம் எழுதப்பட்டிருக்கட்டும். மாதம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து வரவு செலவை எழுதுங்கள். வளர்ந்த பிள்ளைகளும் கூட இருக்கட்டும். நிலைமை தெரிந்த பிள்ளை புது வண்டி கேட்டு அடம்பிடிக்காது.

குடும்பமாய்க் கூடி ஆராய:

அ. நம் வீட்டுக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது? எழுதிப் பார்த்திருக்கிறோமா?

ஆ. 12 ஆண்டுக்குப் பின் அதைப்போல் இரு மடங்கு எங்கிருந்து வரும்?

இ. ஊரார் பார்வைக்காக நாம் செய்யும் செலவு எது? அதை இந்த மாதமே நிறுத்த முடியுமா?

ஈ. வீட்டுத் தலைவர் நாளை இல்லையென்றால், தலைவி எந்த வங்கிக்கு, எந்தப் புத்தகத்தோடு போகவேண்டும் என்பது அவருக்குத் தெரியுமா?