திரை துடிப்பது ஏன்?

நுழையும்முன்

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்களில், நாள்தோறும் தமிழ் ஒலிக்கும் இடங்களுள் ஒன்று தொலைக்காட்சிப் பெட்டி. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாத்தா பாட்டிக்குப் பகற்பொழுதில் அதுவே பேச்சுத்துணை. அது பழுதானால் வீடே கலங்கும். "புதிது வாங்கிவிடலாம்" என்பார் ஒருவர். பெட்டியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார் மற்றொருவர். இவ்விரண்டுக்கும் முன்னர்ச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதனை இப்பாடத்தில் கற்போம்.

பழுதுக்குப் பெயரிடுதல்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் அமைந்த 948ஆம் குறள், மருத்துவருக்கு ஒரு வரிசையைக் கற்பிக்கின்றது. இன்ன நோய் எனத் தெளிதல், அது தோன்றிய காரணத்தை அறிதல், தணிக்கும் வழியைக் காணுதல், பின்னரே பொருத்தமாகச் செயற்படுதல் என்பது அவ்வரிசை. கருவிகளின் பழுதுக்கும் இது நன்கு பொருந்தும்.

"டி.வி. சரியில்லை" என்று சொன்னால் கேட்பவருக்கு எதுவும் விளங்காது. கண்ணால் கண்டதைச் சரியான சொல்லால் சொல்லப் பழகுதல் வேண்டும். திரையின் ஒளி கூடியும் குறைந்தும் விட்டுவிட்டுத் தோன்றினால் அது துடிப்பு. படம் சிறு சிறு கட்டங்களாக உடைந்து உறைந்து நின்றால் அது சிதறல். ஒலி கேட்கும்போதே திரை கருத்துவிட்டால் அது இருளல். மேலிருந்து கீழாக ஒரே இடத்தில் நிலைத்த கோடு நின்றால் அது கோடு விழுதல். இந்நான்கையும் பொதுவாகப் 'படம் கெட்டுவிட்டது' என்றே சொல்கின்றோம். ஆனால், ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, செலவும் வேறு.

படம் தோன்றும் வகை

இன்றைய பெட்டிகள் பலவற்றில் திரவப் படிகத்தாலான மெல்லிய திரை உள்ளது. அப்படிகத்துக்குத் தன்னொளி இல்லை. திரைக்குப் பின்னால் வரிசையாக அமைந்த எல்.இ.டி. விளக்குகளே ஒளி தருகின்றன. படிகங்கள் நுண்ணிய கதவுகளைப் போலத் திறந்தும் மூடியும் அவ்வொளியை வேண்டிய அளவு வெளியே விடுகின்றன. ஆகவே படம் ஒன்று, ஒளி ஒன்று. படம் இருந்தும் ஒளி இல்லாமற் போகலாம்.

படத்துக்குரிய செய்தி நெடுந்தொலைவிலிருந்து வருகின்றது. ஒளிபரப்புச் செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகையால் தில்லியாயினும் போபாலாயினும், மாடிகளில் உள்ள டிஷ்கள் தென்வானை நோக்கியே நிற்கின்றன. டிஷ் பெற்ற அலை, கேபிள் வழியாகச் செட்டாப் பாக்ஸை அடைகின்றது. அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகத் தொலைக்காட்சிக்குள் நுழைகின்றது. இந்நெடுவழியில் எங்கே தடை ஏற்பட்டாலும் குறை தெரிவது திரையில்தான். அதனாலேயே குற்றமற்ற பெட்டியின்மீது பழி விழுகின்றது.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகள்

முதற்சோதனைக்கு இரண்டு ரிமோட்கள் போதும். தொலைக்காட்சியின் ரிமோட்டில் மெனுவை அழுத்துங்கள். அந்த மெனுவும் துடித்தாலோ, அதன்மீதும் கோடு நின்றாலோ, குறை தொலைக்காட்சிக்குள் அல்லது அதற்கு வரும் மின்சாரத்தில் இருக்கக்கூடும். அது தெளிவாக இருந்தால், செட்டாப் பாக்ஸின் ரிமோட்டில் மெனுவை அழுத்துங்கள். இது மட்டும் கலங்கினால் செட்டாப் பாக்ஸையோ எச்.டி.எம்.ஐ. கம்பியையோ ஐயுறலாம். இரண்டு மெனுவும் தெளிவாக இருந்து, நிகழ்ச்சி மட்டும் சிதறினால் அலை சரியாக வரவில்லை என்று பொருள்.

இரண்டாவதாக, அலைவரிசையை மாற்றிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் குறை இருந்தால் அது ஒளிபரப்பின் குறையாக இருக்கலாம், காத்திருத்தலே தீர்வு. எல்லாவற்றிலும் இருந்தால் வானத்தைப் பாருங்கள். டிஷ்ஷுக்கு வரும் அலைகளைப் பெருமழை வலுவிழக்கச் செய்யும். மழை விட்டதும் படம் தானே தெளியும். மழையின்றியும் சிதறல் தொடர்ந்தால், காற்றில் டிஷ் திரும்பியிருக்கலாம். எதிரே மரக்கிளை வளர்ந்திருக்கலாம்.

மூன்றாவதாக, இரு பெட்டிகளையும் அணைத்து, எச்.டி.எம்.ஐ. கம்பியைக் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுங்கள். வேறு துளையிலும் செருகிப் பாருங்கள். தளர்ந்த கம்பியால் படம் திடீரென மறைந்து மறைந்து வரும். இவ்வொரு செயலால் தீரும் குறைகள் பல.

நான்காவதாக, துடிப்பு எப்போது நிகழ்கின்றது என்று கவனியுங்கள். குளிர்பெட்டியோ தண்ணீர் மோட்டாரோ இயங்கத் தொடங்கும் கணத்தில் திரையும் அறைவிளக்கும் சேர்ந்து மங்கினால், காரணம் மின்னழுத்தம். நம் நாட்டில் வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் வழங்கப்படுகின்றது. ஒரே நீட்டிப்புப் பலகையில் பல கருவிகளைச் செருகியிருந்தாலும், பிளக் தளர்ந்திருந்தாலும் இத்துடிப்பு தோன்றலாம். பெரியவர்களைக் கொண்டு மின்செருகியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, இருளலுக்கு உரியது. ஒலி கேட்டும் திரை கருத்திருந்தால், அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கின் ஒளியைத் திரையின்மீது சாய்வாகப் பாய்ச்சுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் படிகத்திரை நலமாக உள்ளது, பின்விளக்கு எரியவில்லை. பல பெட்டிகளில் இவ்விளக்குகள் தீபாவளிச் சரவிளக்குப்போல் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளன. ஒன்று கெட்டாலும் சரம் முழுவதும் அணையக்கூடும். விளக்குகளை மாற்றும் செலவு, திரையை மாற்றும் செலவைவிட மிகக் குறைவு. திரையை மாற்றுவதோ புதிய பெட்டியின் விலையை நெருங்கக்கூடும். இதை அறியாததால் நல்ல பெட்டியைக் கழித்துவிடுவோர் உண்டு.

பழுதல்லாத பழுதுகள்

கைப்பேசிக் கேமராவில் பார்க்கும்போது மட்டும் திரையில் பட்டைகள் ஓடினால் அஞ்ச வேண்டா. கேமரா பதிவுசெய்யும் வேகமும் திரையின் வேகமும் ஒத்துப்போகாமையே அதற்குக் காரணம். அறையின் வெளிச்சத்துக்கேற்பத் தானே ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பும் சில பெட்டிகளில் உண்டு. மின்சேமிப்பு அமைப்பை நிறுத்திப் பார்த்தால் உண்மை விளங்கும்.

நம் எல்லை

பெட்டியின் பின்மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. மின்செருகியைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். டிஷ்ஷைத் திருப்புவதற்காக மாடி விளிம்பில் ஏறுதலும் கூடாது. இடிமின்னல் நெருங்கும் முன்னரே பெரியவர்கள் மின்செருகியைப் பிடுங்கிவைத்தல் நன்று. இவ்வெல்லைக்கு அப்பால் உள்ளவை பழுதுபார்ப்பவரின் பணி. அவர் வரும்போது கண்டவற்றைச் சொல்லுவது நம் பணி. இதோ ஒரு பழுதுக் குறிப்பு:

"நேற்று மாலை 7 மணி முதல் எல்லா அலைவரிசைகளிலும் படம் கட்டங்களாகச் சிதறுகின்றது. இரண்டு மெனுக்களும் தெளிவாக உள்ளன. மழை இல்லை; பகலில் பலத்த காற்று வீசியது. கம்பியைக் கழற்றிச் செருகினோம், மாற்றமில்லை."

இக்குறிப்பைக் கேட்பவர் முதலில் டிஷ்ஷைத்தான் பார்ப்பார். 'டி.வி. கெட்டுவிட்டது' என்று மட்டும் சொல்லியிருந்தால், பெட்டியையே கடைக்கு எடுத்துச்செல்ல நேர்ந்திருக்கும். தெளிவான நான்கு வரிகள் பொருளையும் பொழுதையும் காக்கின்றன. அவர் பேசும் மொழி எதுவாயினும், தமிழில் தெளிவாக எண்ணியதை அம்மொழியிலும் தெளிவாகச் சொல்ல இயலும்.

சொல்லும் பொருளும்

ஐயுறுதல் – சந்தேகித்தல்
மின்தேக்கி – மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் உறுப்பு
மின்னழுத்தம் – மின்சாரத்தைச் செலுத்தும் விசை. வோல்ட் அளவில் சொல்லப்படுவது
கழித்துவிடுதல் – பயனற்றதென ஒதுக்குதல்

பயிற்சி

அ. பொருத்துக.
1. துடிப்பு – ஒலி உண்டு, ஒளி இல்லை
2. சிதறல் – ஒளி கூடிக் குறைதல்
3. இருளல் – நிலைத்த கோடு
4. கோடு விழுதல் – கட்டங்களாக உடைதல்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மாடியில் உள்ள டிஷ்கள் தென்வானை நோக்கி நிற்பது ஏன்?
2. டார்ச் விளக்குச் சோதனையால் அறியப்படுவது யாது?
3. பின்மூடியைத் திறக்கலாகாது என்பதற்குக் காரணம் என்ன?

இ. பிரித்து எழுதுக.
இவ்வரிசை, தன்னொளி, மின்னழுத்தம், நெடுவழி

ஈ. காரணம் காண்க.
தொலைக்காட்சியின் மெனு தெளிவாக உள்ளது. செட்டாப் பாக்ஸின் மெனு மறைந்து மறைந்து வருகின்றது. எவற்றை ஐயுறுவீர்கள்? முதலில் என்ன செய்வீர்கள்?

உ. செயல்பாடு
உங்கள் வீட்டில் பழுதான மின்விசிறி, மிக்சி, கைப்பேசி ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றி நான்கு வரிகளில் பழுதுக் குறிப்பு எழுதுக. கண்டதை மட்டும் எழுதுக, ஊகத்தை எழுதற்க. அதனை வீட்டில் பெரியவர்களிடம் தமிழில் படித்துக்காட்டி, பிறகு உங்கள் ஊர் மொழியில் சொல்லிப் பழகுக.